கப்சாய் நின்றுவிட்டால்: மலேசியாவில் பழைய இஎக்ஸ்5 வண்டியின் கோளாறுகளை அறிகுறியால் கண்டறியும் முறை

மலேசியாவுக்கு வேலைக்கு வந்து, ஊர் திரும்பும் ஒருவரிடமிருந்தோ தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியின் முனையில் இருக்கும் கடையிலிருந்தோ பழைய ஹோண்டா இஎக்ஸ்5 வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். கப்சாய் என்று அந்நாட்டில் பொதுவாக அழைக்கப்படும் சிறு வண்டிகளுள் மிக எளிமையான அமைப்புக் கொண்டது இதுதான். 97 சி.சி. என்ஜின், நான்கு கியர், கைப்பிடியில் கிளட்ச் கிடையாது, பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருக்கும். 1987 முதல் விற்பனையில் இருந்துவருவதால் இதன் உதிரிபாகங்கள் சிற்றூர்க் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. ஆனால், அத்தனை ஆண்டுகளாகப் பலரிடம் கைமாறி, ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய பாகத்தை மாற்றிப் பூட்டிய வண்டிதான் நம் கைக்கு வந்து சேர்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. உரிமம், காப்பீடு, உடைமைப் பத்திரம் ஆகிய மூன்றும் முறையாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, வண்டியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சொந்த ஊரில் வண்டி நின்றால் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய்விடலாம். நாம் எதுவும் சொல்லாமலே அவருக்கு வண்டியின் வரலாறு தெரிந்திருக்கும். அயல்நாட்டில் அந்த வசதி இல்லை. "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லி ஒப்படைத்தால், எவ்வளவு நேர்மையான மெக்கானிக்காக இருந்தாலும் ஊகத்தின் பேரில் பிளக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அதற்கான பணம் நம்முடையது. ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கோளாறு என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடேறிய பிறகு வருகிறதா? மழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? ஒரே நாளில் வந்ததா, சில வாரங்களாகச் சிறிது சிறிதாக முற்றியதா? இந்த மூன்றுக்கும் ஒழுங்காக விடை சொல்ல முடிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கருவிகளாக 16 மி.மீ. பிளக் ஸ்பேனர், 8 முதல் 17 வரையிலான சாதாரண ஸ்பேனர்கள், இரண்டு வகைத் திருப்புளிகள், உப்புத்தாள் ஒரு துண்டு, கூடுதலாக ஒரு புதிய ஸ்பார்க் பிளக் ஆகியவை போதும். பிளக்கை வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டி அதையே கேளுங்கள்.

கிக்கரை எத்தனை முறை உதைத்தாலும் என்ஜின் பிடிக்கவில்லை

இதுவே அதிகம் கேட்கப்படும் முறையீடு. பதற்றத்தில் மிகவும் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். என்ஜின் ஓடுவதற்குப் பெட்ரோல், தீப்பொறி, காற்று, அழுத்தம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றை இந்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனால் காரணம் எங்காவது அகப்பட்டே தீரும்.

முதலில் வெட்கப்படாமல் எளியவற்றைப் பாருங்கள். சாவி முழுவதுமாகத் திரும்பியிருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் வால்வு மூடியிருக்கிறதா அல்லது ரிசர்வுக்குத் திருப்ப வேண்டிய நிலையா? பழைய வண்டிகளில் பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள். இருக்கையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கண்ணால் பாருங்கள். பின்னர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் வடிகால் திருகைச் சற்றே தளர்த்துங்கள். பெட்ரோல் தொடர்ந்து ஒழுகினால் கிண்ணம்வரை வழி திறந்திருக்கிறது என்று பொருள். சொட்டிவிட்டு நின்றுபோனால் வால்வின் வடிகட்டியிலோ, குழாயிலோ, டேங்க் மூடியின் காற்றுத்துளையிலோ அடைப்பு இருக்கிறது. வடியும் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வைத்தால், தண்ணீர் கலந்திருக்கும் பட்சத்தில் அது அடியில் தனியாகத் தங்கும். மழைநாட்டில் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அதுதான் தண்ணீர் இறங்கும் வாசல்; அதை மாற்றச் சில ரிங்கிட்டே ஆகும்.

அடுத்தது பிளக். கழற்றியவுடன் அதன் முனை ஈரமாக இருந்து பெட்ரோல் வாடை வீசினால், பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோலே சிலிண்டருக்குள் வரவில்லை. ஈரமான பிளக்கைத் துடைத்து, அதன் தொப்பியில் மீண்டும் செருகி, பிளக்கின் இரும்பு உடல் என்ஜின் தலையைத் தொடும்படி வைத்துவிட்டுக் கிக்கரை உதையுங்கள். நீலநிறப் பொறி 'டிக் டிக்' என்ற சத்தத்துடன் தெரிய வேண்டும். இதைச் செய்வதற்கு முன், வடித்த பெட்ரோலைத் தள்ளி வைத்துவிடுங்கள். பிளக் துளைக்கு நேரே பிளக்கை வைக்காதீர்கள். அதைக் கையில் பிடிக்கவும் வேண்டாம். பொறி மஞ்சளாகவும் மெலிந்தும் இருந்தால் புதிய பிளக்கைப் போட்டுச் சோதியுங்கள். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்க வேண்டும். புதிய பிளக்கிலும் பொறி இல்லையென்றால் பிளக் தொப்பி, பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயில், பொறியின் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. என்னும் மின்னணுப் பெட்டி, சாவிப் பூட்டு என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். இவற்றுள் பிளக் தொப்பிதான் மலிவானது. முதலில் கெடுவதும் பெரும்பாலும் அதுதான்.

பொறி நன்றாக இருந்து பிளக் நனைந்துகொண்டே இருந்தால், குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் சேரச் செய்யும் சோக்கை இழுத்தபடி அளவுக்கு மீறி உதைத்ததால் சிலிண்டர் பெட்ரோலில் நனைந்திருக்கிறது. சோக்கை இழுக்காத நிலைக்குத் திருப்பிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு, நிதானமாகப் பத்துமுறை உதைத்தால் உள்ளே இருப்பது வெளியேறி என்ஜின் பிடித்துவிடும். கோலாலம்பூர் போன்ற வெப்பமான ஊர்களில், காலையில் முதல் உதையைத் தவிர வேறெப்போதும் சோக் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் சோக் இழுத்தால்தான் பிடிக்கிறது என்றால், அது பழக்கம் அல்ல, நோய். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு ஜெட் (துளையுள்ள திருகு) அடைத்திருக்கிறது.

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்து, கிக்கர் மட்டும் எதிர்ப்பே இல்லாமல் இலகுவாக இறங்கினால் அழுத்தம் குறைந்திருக்கிறது. பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, பிளக்கைப் பூட்டி உதைத்துப் பாருங்கள். அப்போது எதிர்ப்பு கூடினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வு இடைவெளி என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மி.மீ. இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இடைவெளி அற்றுப்போய் வால்வு சிறிது திறந்தே நிற்பதால் மட்டும் காலையில் பிடிக்காத வண்டிகள் உண்டு. அதைச் சரிசெய்யும் வேலை சிறியது. என்ஜினைப் பிரிக்கலாம் என்று ஒருவர் சொல்வதற்கு முன் அதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

பிடிக்கிறது, ஆனால் ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டர் திருகாத ஓட்டத்தில்) அணைந்துவிடுகிறது

சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் அணைந்து, ஓட்டும்போது மட்டும் நன்றாக ஓடும் வண்டிக்குக் கார்புரேட்டரின் சிறு ஜெட் அடைத்திருப்பதே வழக்கமான காரணம். ஐட்லிங் திருகை ஏற்றி வைத்துச் சமாளிப்பவர்கள் அதிகம். அது நோயை மறைக்குமே தவிர நீக்காது. கார்புரேட்டரை முழுவதும் பிரித்து, ஜெட்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஜெட் துளைக்குள் கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். சுத்தம் செய்த பின்பும் ஐட்லிங் ஏறி இறங்கினால், கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் வெடிப்பு விழுந்து வெளிக்காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.

கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் பியூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பிந்தைய மாடலாக இருந்தால் மேற்சொன்ன கார்புரேட்டர் வேலைகள் எதுவும் பொருந்தாது. அதில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டிக் கோளாற்றின் எண்ணைச் சொல்லும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று. எண்ணிக் குறித்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கிறது, சிறிது பொறுத்தால் மீண்டும் பிடிக்கிறது

இது வாட்டி வதைக்கும் கோளாறு. ஏனெனில் கடைக்குக் கொண்டுபோகும்போது வண்டி நன்றாகவே ஓடும். இங்கே இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும். இருபது நிமிடம் ஓடியபின் சக்தி குறைந்து, இருமி, பின் நின்றால், நின்ற இடத்திலேயே இருக்கையைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் வண்டி உடனே பிடித்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

மாறாக, எந்த இருமலும் இல்லாமல் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்று, என்ஜின் ஆறியபின்தான் பிடிக்கிறது என்றால் மின்பக்கத்தில் கோளாறு. காயிலோ, சி.டி.ஐ.யோ, என்ஜினுக்குள் இருந்து பொறிக்கான சைகையைத் தரும் பல்ஸர் காயிலோ சூட்டில் அறுந்து, ஆறியதும் சேர்ந்துகொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க நின்ற உடனேயே, சூடு தணிவதற்குள், பிளக்கைக் கழற்றிப் பொறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகவே பிளக் ஸ்பேனர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும் என்கிறேன். ஆறியபின் பார்க்கும் பொறி எந்தத் தகவலையும் தராது. சி.டி.ஐ.யை வாங்குவதற்கு முன், நன்றாக ஓடும் இன்னொரு இஎக்ஸ்5இன் சி.டி.ஐ.யை மாற்றிச் சோதித்துத் தரும்படி கடைக்காரரைக் கேட்பது நல்லது. இரண்டு வண்டியும் ஒரே வகையாக இருக்க வேண்டும். இந்த வண்டி ஊரெல்லாம் இருப்பதன் பெரிய நன்மை இதுவே.

மழையில் நிற்கிறது

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய காலத்தில் பிற்பகலில் இடியுடன் கொட்டும் மழை வேலை முடியும் நேரத்தைக் குறிபார்த்து வருவதுபோல் இருக்கும். கிளந்தான், திரெங்கானு போன்ற கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. வண்டியின் பலவீனங்கள் யாவும் அந்நாட்களில் வெளிப்படும்.

தேங்கிய நீரில் தெறித்தடித்துச் சென்றவுடன் வண்டி தடுமாறி நின்றால் முதல் ஐயம் பிளக் தொப்பியின் மேல்தான். தொப்பியின் ரப்பர் சுருங்கி, உள்ளே நீர் புகுந்து, பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் வெளிப்புறமாகவே தரையிறங்கிவிடுகிறது. கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, ஊதிவிட்டுப் பொருத்தினால் வீடு சேரலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் புதிய தொப்பி வாங்கி, வயரின் முனையில் கறுத்துப்போன பகுதியை ஒரு சென்டிமீட்டர் அளவு வெட்டிவிட்டு, நல்ல செப்புக்கம்பியில் தொப்பியைத் திருகிப் பூட்டுங்கள். இரவில், இருட்டில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வயரின் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்த்தால் பொறி தப்பி ஓடும் இடம் நீலமாக மின்னிக் காட்டும். கையை மட்டும் தள்ளி வையுங்கள்.

தண்ணீரில் போகாமல் வெறும் மழையிலேயே சக்தி குறைகிறதென்றால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. நனைந்த ஃபில்டர் காற்றை அடைக்கிறது.

மழை வலுத்தால் ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதைபோன்ற இடங்களில் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் பாதையை அடைத்து நிற்காதீர்கள். நனைந்த தலைக்கவசக் கண்ணாடியுடன் பின்னால் வருபவருக்கு நிற்கும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பது வேறு விஷயம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதியில் வெள்ளம் புகுந்தபோது வீட்டு வாசலில் நின்ற வண்டிகளெல்லாம் நீருக்கடியில் போயின. அப்படிப்பட்ட வண்டியை, நீர் வடிந்ததும் பிடிக்கிறதா என்று உதைத்துப் பார்ப்பதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். அடியிலிருக்கும் 17 மி.மீ. போல்ட்டைத் திறந்து ஆயிலை வடியுங்கள். அது தே தாரேக் என்னும் பால்தேநீர் நிறத்தில் வந்தால் நீர் கலந்துவிட்டது. மலிவான ஆயிலை ஊற்றி, சில நிமிடம் ஓட்டி, வடித்து, நிறம் தெளியும்வரை திரும்பச் செய்ய வேண்டும். வடித்து மாற்றும்போது இந்த என்ஜினுக்கு ஏறக்குறைய 0.7 லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் செலவு பெரிதல்ல. ஆனால் இப்படி முதல்முறை ஓட்டுவதற்கு முன்பே கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், டேங்க், இரு சக்கரங்களின் பிரேக் டிரம் ஆகிய அனைத்தையும் திறந்து உலர்த்தியிருக்க வேண்டும்; அதற்குப் பிறகே சாவியைத் திருப்பலாம். பழைய வண்டியை வாங்கும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள். ஹெட்லைட்டுக்குள் சேற்றுக்கோடு, மீட்டர் கண்ணாடிக்குள் படலம், இருக்கைக்கு அடியில் காய்ந்த வண்டல் ஆகியவை தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

மேட்டில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் என்ஜின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். நான் முதலில் கேட்பது ஆயிலைத்தான். இந்த வண்டியில் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே ஊறி நிற்கிறது. கார் என்ஜினுக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கலாம். அவை கிளட்ச்சை வழுக்கச் செய்யும். டப்பாவின் மேல் ஜாசோ எம்.ஏ. என்ற தர முத்திரை இருக்கும் மோட்டார் சைக்கிள் ஆயிலையே வாங்க வேண்டும். ஆயில் மாற்றியும் வழுக்கினால், என்ஜினின் வலப்பக்க மூடியில் இருக்கும் கிளட்ச் சரிசெய்யும் திருகைப் பார்க்க வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு இடஞ்சுழியாக மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, எதிர்ப்புத் தட்டிய இடத்தில் நிறுத்தி, மீண்டும் வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்கு திருப்பி, நட்டை இறுக்க வேண்டும். கியர் மாற்றும்போது வண்டி குதித்தாலும் இதே திருகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதிலும் சரியாகாவிட்டால்தான் பிளேட்.

சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கதை வேறு. டயரில் காற்று, இறுகிய பிரேக், அழுக்கடைந்த ஏர் ஃபில்டர், கரி அடைத்த சைலன்சர் என்று வெளியிலிருந்து உள்ளே செல்லுங்கள். வண்டியை நிறுத்தி இறங்கியதும் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட முடியாத அளவு சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புகை

புகையின் நிறத்தோடு அது வரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். காலையில் மட்டும் மெல்லிய வெண்புகை வந்து சில நிமிடத்தில் மறைந்தால் அது சைலன்சரில் தங்கிய ஈரம்; விட்டுவிடுங்கள். கறும்புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டுகிறது. அது காலையில் பிடித்தவுடன் மட்டும் குபீரென்று வந்து அடங்கினால் வால்வு சீல் காய்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. முதலாவதோடு நெடுநாள் ஓட்டலாம். இரண்டாவதற்கு என்ஜினின் மேற்பகுதியைப் பிரித்துச் சீர்செய்யும் டாப் ஓவர்ஹால் தவிர்க்க முடியாது. அதற்குப் பணம் சேரும்வரை வாரம் ஒருமுறையாவது ஆயில் அளவுக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். 0.7 லிட்டரே கொள்ளும் என்ஜினில் கால் லிட்டர் குறைவது மூன்றில் ஒரு பங்கு போனதற்குச் சமம். இவ்வகை வண்டிகளில் என்ஜின் இறுகிப்போவதற்கு ஆயில் இன்மையே பெரும்பாலும் காரணம்.

விளக்கும் பேட்டரியும்

கார்புரேட்டர் உள்ள பழைய மாடல்கள் பேட்டரி செத்தாலும் பெரும்பாலும் கிக்கரில் ஓடிவிடும். ஆகையால் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு மங்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5இலிருந்து 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் புதிய பேட்டரி வாங்குவது வீண். ரெகுலேட்டரையோ சார்ஜிங் காயிலையோ பார்க்க வேண்டும். பல்புகள் அடிக்கடி எரிந்துபோனாலும் அதே ரெகுலேட்டர்தான். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாகச் சிமிட்டினால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கலாம்.

செயின், ஆட்டம், பிரேக்

செயின் 'கடகட'வென்று மூடியில் அடித்தால் தொய்வைப் பாருங்கள். நடுவில் மேலும் கீழும் சேர்த்துச் சுமார் 3 சென்டிமீட்டர் அசையலாம். சக்கரத்தைச் சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி, மற்றோரிடத்தில் தொங்கினால் செயின் சீரற்று நீண்டிருக்கிறது. அப்போது செயினையும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் ஒருசேர மாற்ற வேண்டும். பணம் மிச்சப்படுத்தச் செயினை மட்டும் மாற்றினால், தேய்ந்த பற்கள் புதிய செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் கைப்பிடி நடுங்கினால் முதலில் டயர் காற்று, அடுத்துத் தளர்ந்த ஸ்போக்ஸ் கம்பிகள், பின் சக்கர பேரிங். காற்றழுத்தம் தனியாகச் செல்லும்போது முன்னே சுமார் 29, பின்னே சுமார் 33 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும். நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரம் மட்டும் அசைந்தால் பேரிங். அதைத் தாங்கும் கையும் சேர்ந்து அசைந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ். பிரேக்கைப் பொறுத்தவரை, டிரம்மின் மேலுள்ள அம்புக்குறி, பிரேக்கை முழுதாக அழுத்தும்போது எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்றியாக வேண்டும். இதில் தள்ளிப்போடல் கூடாது.

நெடுஞ்சாலையில் பஞ்சர்

பின்சக்கரம் தள்ளாடி இழுத்தால் பிரேக்கை அழுத்தாமல், ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, நேராகவே ஓரம் கட்டுங்கள். காற்றில்லாத டயரில் கொஞ்ச தூரம் ஓட்டினாலே டியூப் கிழிந்து, ஒட்டுப்போடவும் ஆகாமல் போகும். ஆகவே 17 அங்குலப் பின்சக்கர டியூப் ஒன்றைக் கூடவே வைத்திருப்பது நல்லது; எந்தக் கடையிலும் மாற்றித் தருவார்கள். பிளஸ் எனப்படும் கட்டண நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1800 88 0000 என்ற எண்ணை அழைத்தால் ரோந்து வண்டி வரும். சாலை ஓரத்தில் பதித்திருக்கும் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டு அழையுங்கள். ஊர்ப்பெயர் தெரியாதவருக்கு அதுதான் முகவரி. காத்திருக்கும்போது தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள், வண்டியின் அருகே அல்ல.

கடையில் சொல்ல வேண்டியவை

மெக்கானிக்கை அங்கே போமென் என்பார்கள். தமிழ் பேசும் போமென் பல ஊர்களில் உண்டு; இல்லாத இடத்தில் சில மலாய்ச் சொற்கள் போதும். பிடிக்கச் சிரமம் என்றால் 'சுசா ஹீடுப்'. என்ஜின் ஆயில் 'மின்யாக் ஹீத்தாம்'. பிரேக் பிடிக்கவில்லை என்றால் 'பிரேக் தா மாக்கான்'. முதலில் பாருங்கள் என்பதற்கு 'தெங்கோ டுலு'. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி 'பாராங் லாமா பாகி பாலே' என்று தொடக்கத்திலேயே புன்னகையோடு சொல்லிவிடுங்கள். யாரையும் ஐயப்படுவதற்காக அல்ல; பழைய பாகத்தைப் பார்த்தால்தான் அது உண்மையில் கெட்டிருந்ததா என்பதும், அடுத்தமுறை என்ன எண்ணுள்ள பாகம் கேட்க வேண்டும் என்பதும் தெரியும். விலையைக் கேட்கும்போது அசல் பாகமா, போலியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கண்ணாடி, மூடி போன்றவற்றுக்குப் போலி போதும். செயின், பிரேக் ஷூ, சி.டி.ஐ. மூன்றுக்கும் அசலையே வாங்குவேன்.

நாட்காட்டியையும் பாருங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பல உதிரிபாகக் கடைகள் ஒரு வாரம்கூட மூடியிருக்கும். ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாளிலும் அப்படியே. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஜோகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. தேய்ந்த செயினோடு பெருநாள் வாரத்துக்குள் நுழைபவர் பேருந்துக்குக் காத்திருக்க நேரும்.

பெட்ரோல் நிலையத்தில் ரோன் 95 என்னும் பெட்ரோல் வகைக்கான குழாயின் கைப்பிடி மஞ்சள், டீசல் கறுப்பு. புதிதாக வந்தவர்கள் நிறத்தை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 30 முதல் மானிய விலையில் ரோன் 95 பெறுவது குடிமக்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் மானியமற்ற விலை கொடுக்க வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவைக்காகக் கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க முயல வேண்டாம். பிளக்கின் முனை சுண்ணாம்பாய் வெளுத்தால் என்ஜின் அளவுமீறிச் சூடேறுகிறது.

மேலும் ஓட்டக் கூடாத சத்தங்கள்

என்ஜின் தலையில் 'சிக்சிக்' என்று கேட்பது வால்வு இடைவெளி. ஓட்டிக்கொண்டே கடைக்குப் போகலாம். இடப்பக்கம் 'சரசர'வென்று கேட்டு, வேகம் கூடினால் மறைவது பெரும்பாலும் டைமிங் செயின். அந்த வாரத்துக்குள் பார்க்கச் சொல்லுங்கள். அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று, பாரம் ஏறும்போது வலுத்து ஒலிப்பது கிராங்க் பேரிங். உடனே நிறுத்தி, தள்ளிக்கொண்டோ லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

அந்த நிலைக்கு வந்த வண்டிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கீழ்ப்பகுதி முழுவதையும் பிரித்துச் சீர்செய்வது. மற்றொன்று வேறொரு பழைய என்ஜினைப் பூட்டுவது. இரண்டாவது மலிவாகத் தோன்றும். கடையில் உடனடியாகச் செய்துதரவும் முன்வருவார்கள். ஆனால் உடைமைப் பத்திரத்தில் பதிவான என்ஜின் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றினால் ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையில் முறையாகப் பதிந்தாக வேண்டும். அந்தப் பழைய என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் கடைக்காரரிடம் இல்லையென்றால், அவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அதைப் பூட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள். சாலைச் சோதனையில் எண் பொருந்தாத வண்டியோடு நிற்கும்போது, பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதியையும் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியவர் வண்டியின் உரிமையாளரே.